ஆக்சிஜன் ப்ளீச் போட்டும் துணி வெளுக்கவில்லை: தவறு எங்கே?

ஈரத்துணி:
வெள்ளைப் பருத்தித் துண்டுகள் சாம்பல் நிறமாகிவிட்டன. சட்டைக் காலரிலும் அக்குளிலும் மஞ்சள். டாப் லோடு மெஷின், ஹீட்டர் கிடையாது. வழக்கமாக லிக்விட் டிடெர்ஜென்ட்தான். அதோடு ஆக்சிஜன் ப்ளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட் பவுடர், இரண்டு ஸ்பூன் சேர்த்துச் சாதாரணத் தண்ணீரில் ஓட்டினால் எந்த மாற்றமும் தெரியவில்லை. பவுடர் சரியில்லையா, முறை சரியில்லையா?

காரநீர்:
பவுடரைச் சந்தேகிக்குமுன் கணக்கைப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி பெர்கார்பனேட் ஏறத்தாழ 15 கிராம். இரண்டு போட்டால் 30. டாப் லோடு டப்பில் 50, 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். லிட்டருக்கு அரை கிராம்தான் ஆகிறது. அதுவும் குளிர்ந்த நீரில், 15 நிமிடச் சுற்றில். இதில் கறை வெளுத்திருந்தால்தான் வியப்பு.

இந்தப் பவுடர் என்ன செய்கிறது என்று தெரிந்தால் மீதி தானாகப் புரியும். சோடியம் பெர்கார்பனேட் என்பது சலவை சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து படிகமானது. தண்ணீரில் போட்டதும் இரண்டும் பிரிந்துவிடும். கணக்குப்படி 100 கிராமில் ஏறத்தாழ 32 கிராம் பெராக்சைடு, மீதி சலவை சோடா. கடையில் கிடைப்பதில் பெராக்சைடு சற்றுக் குறைவாக இருக்கும். சோடா, நீரின் பிஹெச்சை 10.5 வாக்கில் ஏற்றுகிறது. அந்தக் காரத்தில்தான் பெராக்சைடின் ஒரு பகுதி பெர்ஹைட்ராக்சில் அயனியாக மாறுகிறது. தேநீர், காபி, பழச்சாறு போன்றவற்றின் நிற மூலக்கூறுகளை உடைப்பது அந்த அயனி. ஆக, காரம் வேண்டும், சூடு வேண்டும், செறிவு வேண்டும், நேரம் வேண்டும். ஒன்று குறைந்தால் இன்னொன்றைக் கூட்டி ஓரளவு ஈடுகட்டலாம். நான்கும் குறைந்தால் வெறும் சோடாத் தண்ணீரில் துவைத்தது போலத்தான்.

குளிர்ந்த நீரில் பவுடர் கரையாது என்று பலர் எழுதுகிறார்கள். கரையும். வினைதான் மெதுவாக நடக்கும். வெந்நீர் கேட்பது கரைப்பதற்காக அல்ல, வேலை வாங்குவதற்காக.

வெண்மடி:
ஹீட்டர் இல்லாத மெஷின் என்றால் பக்கெட்டில் ஊறவைப்பதுதான் வழி. வெள்ளைப் பருத்திக்கு:

1. முதலில் டிடெர்ஜென்ட் போட்டு ஒருமுறை துவைத்து அலசிவிடுங்கள். அழுக்கோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் ஊறப்போட்டால் பெராக்சைடு அதில் செலவாகிவிடும்.
2. பக்கெட்டில் 55 முதல் 60 டிகிரி வெந்நீர். துணி முழுகும் அளவு போதும், அதற்கு மேல் வேண்டாம்.
3. லிட்டருக்கு 10 முதல் 15 கிராம் பெர்கார்பனேட். முழுவதும் கரையும்வரை கலக்குங்கள்.
4. அதன் பிறகுதான் துணி. மேலே மிதக்காமல் ஒரு தட்டால் அமுக்கி வையுங்கள். காற்றுப்பட மிதக்கும் பகுதி திட்டுத் திட்டாக நிற்கும்.
5. 2 முதல் 4 மணி நேரம். பிறகு பிழிந்து மெஷினில் டிடெர்ஜென்ட் போட்டு ஒரு முழுச் சுற்று.

துணியை முதலில் போட்டு மேலே பவுடர் தூவாதீர்கள். கரையாத குருணை ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு அங்கே மட்டும் அளவுக்கு மீறி வெளுக்கும். வெள்ளையில் தெரியாது, நிறத்துணியில் புள்ளியாகத் தெரியும்.

ஈரத்துணி:
60 டிகிரி என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெப்பமானி இல்லை. இரவு முழுக்க ஊறவிட்டால் இன்னும் நன்றாக வருமா?

வெண்மடி:
கொதிநீரையும் குழாய் நீரையும் அளந்து கலந்தால் வெப்பமானி தேவையில்லை. குழாய் நீர் 25 டிகிரி இருந்தால், மொத்தம் 10 லிட்டருக்கு:

40 டிகிரிக்கு 2 லிட்டர் கொதிநீர்.
50 டிகிரிக்கு 3.3 லிட்டர்.
60 டிகிரிக்கு 4.7 லிட்டர்.

மீதி குழாய் நீர். பக்கெட்டும் ஈரத்துணியும் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதனால் அரை லிட்டர் கொதிநீர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் குழாய் நீர், பிறகு கொதிநீர், கடைசியில் பவுடர். கொதிக்கக் கொதிக்க இருக்கும் நீரில் பவுடரைக் கொட்டினால் பொங்கும், பெராக்சைடும் துணியைத் தொடுமுன்பே ஆக்சிஜனாக வெளியேறிவிடும்.

இரவு முழுக்க என்பதில் பெரிய லாபம் இல்லை. வெந்நீரில் கரைத்த கரைசல் ஐந்தாறு மணி நேரத்தில் பெரும்பாலும் வீரியம் இழந்துவிடும். அதன் பிறகு ஆறிப்போன சோடாத் தண்ணீரில் துணி கிடக்கும், அவ்வளவுதான். பிடிவாதமான கறை என்றால் 3 மணி நேரம் கழித்துப் பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக வெந்நீரும் பவுடரும் போடுங்கள். 12 மணி நேரம் ஒரே நீரில் ஊறுவதைவிட இரண்டு முறை 3 மணி நேரம் ஊறுவது மேல்.

நுரைமதி:
மருந்துக்கடைப் பெராக்சைடு 3 சதவீதம். லிட்டருக்கு 15 கிராம் பெர்கார்பனேட் போட்டால் அரை சதவீதம்கூட வராதே. அப்படியானால் அதையே நேரடியாக ஊற்றலாமே?

காரநீர்:
ஊற்றலாம், சிறிய கறைக்கு. ஆனால் பாட்டிலில் கெடாமல் இருப்பதற்காக அதை அமிலத்தன்மையில் வைத்திருப்பார்கள். காரம் சேராத பெராக்சைடு செறிவு அதிகமானாலும் மந்தமாகத்தான் வேலை செய்யும். பெர்கார்பனேட்டின் அரை சதவீதம் அதை முந்துவது சோடாவினால்தான். லிக்விட் ஆக்சிஜன் ப்ளீச் என்று விற்பவையும் இதே நிலைப்படுத்திய பெராக்சைடுதான். அவை டிடெர்ஜென்ட்டின் காரத்தோடு சேரும்போதுதான் உருப்படியாக வேலை செய்கின்றன.

இதனால்தான் லிக்விட் டிடெர்ஜென்ட்டில் பொதுவாக ப்ளீச் இருக்காது. கார நீரில் பெராக்சைடு மாதக்கணக்கில் தாங்காது. ஈரத்துணி கேட்ட சாம்பல் நிறத்துக்கு இதுவும் ஒரு காரணம். லிக்விடில் உள்ள ஒளிர்வூட்டிகள் புற ஊதாக் கதிரை நீல ஒளியாக மாற்றி வெண்மையாகக் காட்டும். கறை அங்கேயேதான் இருக்கும்.

சலவைக்குறிப்பு:
பவுடர் டிடெர்ஜென்ட் வாங்கும்போது பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். "ஆக்சிஜன் அடிப்படை ப்ளீச்" என்ற வரியும், 5 சதவீதத்துக்குக் கீழ், 5–15, 15–30 என்று ஒரு அளவும் இருந்தால் ப்ளீச் உள்ளது. "கலர்" என்று பெயரிட்டவற்றில் வேண்டுமென்றே சேர்த்திருக்க மாட்டார்கள். அதே பட்டியலில் டிஏஇடி (TAED) என்று இருந்தால் விசேஷம். அது பெராக்சைடோடு சேர்ந்து பெர்அசெட்டிக் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் 30, 40 டிகிரியிலேயே வெளுக்கும், கிருமியையும் கொல்லும். வெறும் பெர்கார்பனேட் அந்தச் சூட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். 40 டிகிரிக்கு மேல் போக முடியாதவர்களுக்கு டிஏஇடி உள்ள பவுடர்தான் சரி, தனிப் பெர்கார்பனேட் அல்ல.

துவைக்கும் பவுடரில் ப்ளீச் சேர்ப்பது புதிதல்ல. 1907ல் ஜெர்மனியில் வந்த பெர்சில் அப்படிப்பட்டதுதான். அதிலிருந்த பெர்போரேட் என்ற ப்ளீச்சும் சிலிகேட்டும் சேர்ந்து அந்தப் பெயரே உருவானது. பெர்போரேட்டின் இடத்தைப் பின்னாளில் பெர்கார்பனேட் பிடித்துக்கொண்டது.

நுரைமதி:
நான் எங்கும் படிப்பது: பெர்கார்பனேட்டோடு வினிகர் சேர்த்தால் இரட்டை வேலை. பொங்குவதும் தெரிகிறது.

காரநீர்:
பொங்குவது கரியமில வாயு. சோடாவின் காரத்தை வினிகர் அழிக்கும்போது வருவது. எந்தக் காரத்துக்காக இந்தப் பவுடரை வாங்கினீர்களோ அதை வினிகரால் கொன்றுவிடுகிறீர்கள். பெர்அசெட்டிக் அமிலம் வரும் என்று வாதாடுவார்கள். அடர்த்தியான அமிலமும் பெராக்சைடும் நெடுநேரம் சேர்ந்திருந்தால் வரும். பக்கெட் நீரில் பயன்படும் அளவுக்கு வராது. டிஏஇடி செய்வது கார நீரில் நடக்கும் வேறு வினை. வினிகரோ சிட்ரிக் அமிலமோ வேண்டுமென்றால் கடைசி அலசலில் தனியாக.

இதைவிட முக்கியம்: குளோரின் ப்ளீச்சோடு சேர்க்கவே கூடாது. ஹைப்போகுளோரைட்டும் பெராக்சைடும் ஒன்றையொன்று தின்று உப்பும் ஆக்சிஜனுமாக முடிந்துவிடும். வேகமாகப் பொங்கும், இரண்டும் வீண். குளோரின் ப்ளீச்சில் அமிலம் பட்டால் நச்சு வாயுவான குளோரின் வரும், அமோனியா பட்டால் குளோரமின் வரும். ஒரே துணிக்கு இரண்டு வகை ப்ளீச்சும் வேண்டுமென்றால் நடுவில் ஒரு முழு அலசல் கட்டாயம்.

ஊசிநூல்:
ரத்தக்கறையில் பெர்கார்பனேட் கரைசலை ஊற்றினால் நுரைத்துத் தள்ளுகிறது. கறை போகிறது என்று அர்த்தமா?

வெண்மடி:
பாதிதான். ரத்தத்தில் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துத் தள்ளும். நுரை வருவதால் கறை இழையிலிருந்து கொஞ்சம் தளரும், ஆனால் பெராக்சைடு வீணாகிறது. வெந்நீர் பட்டால் புரதம் உறைந்து இழையில் பிடித்துக்கொள்ளும். அதனால் வரிசை இப்படி:

குளிர்ந்த நீரில் அலசல், நீர் தெளியும்வரை. பிறகு என்சைம் உள்ள டிடெர்ஜென்ட்டில் 30 முதல் 40 டிகிரியில் ஒரு மணி நேரம். மஞ்சளாக நிழல் மிச்சமிருந்தால் அப்போது பெர்கார்பனேட், 50 டிகிரிக்கு மேல்.

பால், முட்டை, வியர்வை, குழந்தையின் மலம் எல்லாவற்றுக்கும் இதே வரிசைதான். என்சைம்கள் 30–50 டிகிரியில் சுறுசுறுப்பாக இருக்கும், அதிகச் சூட்டில் செத்துவிடும். கெட்டியான பெராக்சைடும் அவற்றைக் கெடுக்கும். ஆகவே லிட்டருக்கு 15 கிராம் பெர்கார்பனேட் கரைசலில் என்சைம் டிடெர்ஜென்ட்டையும் சேர்த்து 60 டிகிரியில் ஊறவைப்பதில் பொருளில்லை. ஆயத்தப் பவுடரில் இரண்டும் ஒன்றாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதில் ப்ளீச்சின் செறிவு குறைவு, குருணைக்கு மேல்பூச்சும் உண்டு. ஹீட்டர் உள்ள மெஷினில் நீர் மெல்லச் சூடேறும்போது என்சைம் முதலில் தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

ஊசிநூல்:
பட்டு, கம்பளிக்கு?

வெண்மடி:
கூடாது. இரண்டும் புரத இழை, காரம் அரித்துவிடும். புரதத்தை உடைக்கும் என்சைமான புரோட்டியேஸ் உள்ள டிடெர்ஜென்ட்டும் வேண்டாம். தோல் பட்டை, மரப் பொத்தான், உலோக வேலைப்பாடு இருந்தாலும் விலக்குங்கள்.

சலவைக்குறிப்பு:
உலோகம் பற்றி இன்னும் ஒரு விஷயம். இரும்பு, செம்பு, மாங்கனீசு பெராக்சைடின் சிதைவைத் தூண்டிவிடும். துருப்பட்ட கொக்கி, ஜிப், துருக்கறை ஆகியவற்றைச் சுற்றி வினை எல்லை மீறிப்போய்ப் பருத்தி இழையையே அறுக்கும். இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகு அந்த இடத்தில் ஊசித்துளை விழுவது இதனால்தான். துருக்கறைக்குப் பெர்கார்பனேட் மருந்தே அல்ல. லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் அமிலம், வெதுவெதுப்பான நீர், அரை முதல் ஒரு மணி நேரம். போகாவிட்டால் ஆக்சாலிக் அமிலம் உள்ள துருநீக்கி, கையுறையோடு. நன்றாக அலசிய பிறகே ப்ளீச் பக்கம் வாருங்கள். நாள்பட்டு, துவைக்கத் துவைக்க வெளிறிய ஆரஞ்சாக மாறும் சன்ஸ்கிரீன் கறையும் பெரும்பாலும் இந்த வகைதான். அதிலுள்ள அவோபென்சோன் நீரிலுள்ள இரும்போடு சேர்ந்து நிறம் மாறும். குளோரின் ப்ளீச் அதை மோசமாக்கும். அமிலம்தான் சரி.

நிறத்துணிக்குச் சோதனை: ஒரு தேக்கரண்டி பவுடரை 250 மில்லி வெந்நீரில் கரைத்து, உள்தையலில் சில சொட்டு விட்டு, 15 நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள். சாயம் ஏறினாலோ அந்த இடம் வெளிறினாலோ வேண்டாம். தேறினால் 40 டிகிரி, லிட்டருக்கு 5 கிராம், ஒரு மணி நேரம். அதற்கு மேல் போகாதீர்கள்.

நுரைமதி:
ஃப்ரண்ட் லோடில் எவ்வளவு, எங்கே போடுவது?

சலவைக்குறிப்பு:
துவைக்கும் நீர் 15 லிட்டர் அளவுதான் என்பதால் 60 கிராம் போட்டாலே லிட்டருக்கு 4 கிராம் வந்துவிடும். டாப் லோடில் அதே செறிவுக்கு 200 கிராமுக்கு மேல் வேண்டும். டாப் லோடுக்காரர்களைப் பக்கெட்டுக்கு அனுப்புவது இதனால்தான். பவுடரை டிரம்மில் துணிக்கு அடியில் போடுங்கள். அல்லது முக்கியத் துவைப்பு அறையில் டிடெர்ஜென்ட்டோடு. திரவ ப்ளீச்சுக்கான சிறிய அறையில் போட்டால் கட்டிதட்டி அடைக்கும். 60 டிகிரி பருத்திச் சுற்று, முன்துவைப்பு இல்லாமல். விரைவுச் சுற்று எதற்கும் ஆகாது.

துண்டில் ஈரவாடை அடிப்பதற்கும் இதே சுற்றுதான். வாடை கிருமிப் படலத்தாலும் படிந்த டிடெர்ஜென்ட்டாலும் வருகிறது. வாசனைத் திரவம் ஊற்றினால் மேலே ஒரு பூச்சு விழுந்து துண்டு தண்ணீர் உறிஞ்சுவதும் குறையும்.

காரநீர்:
டிடெர்ஜென்ட் அளவைப் பேசாமல் ப்ளீச்சை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். துண்டு சாம்பலாவதற்குக் கறையைவிடப் பெரிய காரணம் நீர்க் கடினம். கால்சியமும் மக்னீசியமும் டிடெர்ஜென்ட்டின் ஒரு பகுதியைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கின்றன. கழன்ற அழுக்கு திரும்பத் துணியிலேயே படிகிறது. சோடா, அதாவது பெர்கார்பனேட்டின் மூன்றில் இரண்டு பங்கு, கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியவைக்கும். கடின நீரில் வாராவாரம் பெர்கார்பனேட் போட்டுத் துண்டு அட்டைபோல் விறைப்பது இதனால்தான். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் என்றால் கடின நீர், 180க்கு மேல் மிகக் கடினம்.

சோதிக்கக் கருவி இல்லையென்றால் ஒரு பாட்டிலில் கால்வாசி நீர், சீவிய சோப்புத் துண்டு கொஞ்சம் போட்டுக் குலுக்குங்கள். டிடெர்ஜென்ட் அல்ல, உண்மையான சோப்பு. நுரை நிற்காமல் பால்போல் கலங்கித் திரிந்தால் கடினம். அப்படிப்பட்ட நீரில் டிடெர்ஜென்ட் அளவைப் பாக்கெட்டில் கடின நீருக்குச் சொன்னபடி கூட்டுங்கள். ஊறவைக்கும் பக்கெட்டில் முதலில் லிட்டருக்கு 2, 3 கிராம் சோடியம் சிட்ரேட் கரைத்துவிட்டு அதன்பின் பெர்கார்பனேட் போடுங்கள். ஏற்கெனவே விறைத்த துண்டை லிட்டருக்கு 5 கிராம் சிட்ரிக் அமிலத்தில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசினால் சுண்ணாம்பு இறங்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மென்னீரில் அதிகமாக ஊற்றினால் அலசலில் போகாமல் தங்கிவிடும். துவைத்த துண்டை எதுவும் போடாமல் சுடுநீரில் கலக்கிப் பாருங்கள். நுரை எழுந்தால் நீங்கள் கொட்டும் அளவு அதிகம். நுரையின் அளவுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. ஃப்ரண்ட் லோடில் அதிக நுரை துணி அடித்து விழுவதைத் தடுத்து மெத்தையாக்கிவிடும்.

ஈரத்துணி:
பாட்டில் சோதனையில் நீர் திரிந்தது, அப்படியானால் துண்டுக்கு முதலில் சிட்ரிக். காலர் மஞ்சளுக்கும் அதே பக்கெட் போதுமா?

வெண்மடி:
காலருக்குப் போதாது. அங்கிருப்பது தோல் எண்ணெய். உலர்ந்த துணியிலேயே, நனைக்காமல், லிக்விட் டிடெர்ஜென்ட்டைக் கெட்டியாகத் தடவி மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து அரை மணி நேரம் விடுங்கள். நனைத்துவிட்டுத் தடவினால் நீர்த்துப்போகும். பிறகு 40 டிகிரியில் துவைத்து, மிச்சமுள்ள மஞ்சளுக்குப் பக்கெட். அக்குள் மஞ்சள் விறைப்பாக, தொட்டால் மெழுகுபோல் இருந்தால் வியர்வைத் தடுப்பானின் அலுமினிய உப்பும் சேர்ந்திருக்கிறது. அதற்குச் சிட்ரிக் அமிலம் ஒரு மணி நேரம், முழு அலசல், பிறகு பெர்கார்பனேட். வரிசையை மாற்றாதீர்கள். முழுவதும் வெளுத்தது உறுதியாகும்வரை இஸ்திரி போடவோ டிரையரில் காயவைக்கவோ வேண்டாம்.

நுரைமதி:
கரைசலை ஸ்பிரே பாட்டிலில் வைத்துக்கொண்டால் காலருக்குத் தினமும் அடிக்கலாமே?

காரநீர்:
வேண்டவே வேண்டாம். கரைந்த நிமிடத்திலிருந்து ஆக்சிஜன் வெளிவந்துகொண்டே இருக்கும். மூடி இறுக்கிய பாட்டில் உப்பி வெடிக்கும். மூடாமல் வைத்தால் மறுநாள் வெறும் சோடா. தேவைக்கு மட்டும் கரைத்து மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள்.

பவுடரையும் ஈரக்கரண்டி படாமல், காற்றோட்டமான உலர்ந்த இடத்தில், எண்ணெய்த் துணி, காகிதக் குப்பைக்கு அருகில் இல்லாமல் வையுங்கள். ஈரம் புகுந்தால் தானே சூடேறும் சரக்கு இது. கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும், உடனே நீண்ட நேரம் தண்ணீரால் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். கையுறை அவசியம்.

பழைய பவுடரில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க: ஒரு தேக்கரண்டியை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஒரு பச்சை உருளைக்கிழங்குத் துண்டைப் போடுங்கள். உருளையிலும் கேட்டலேஸ் உண்டு. துண்டைச் சுற்றிச் சரசரவென்று குமிழ் எழுந்தால் பெராக்சைடு இருக்கிறது. ஒன்றிரண்டு குமிழோடு அடங்கினால் உங்களிடம் இருப்பது சலவை சோடா. பாத்திரம் துலக்க வைத்துக்கொள்ளுங்கள், அலுமினியப் பாத்திரத்தை மட்டும் விட்டுவிட்டு.